வறுக்காத மண்ணு

வந்தவாசிப் பாயில ஒருவாட்டி படுத்து எழுந்தவன் எந்த ஊருக்குப் போனாலும் முதுகுல அந்தக் கோரையோட வரி அழியாதுன்னு சொல்வாங்க, அந்த வந்தவாசியில, கோட்டை அகழிக்குத் தெக்கால, பாய் நெய்யறவங்க தெருவும் நயினாருங்க தெருவும் முட்டிக்கற முக்குல, சுத்துவட்டாரத்துக்கே பல்லு கட்டிக் குடுத்த அப்பாண்டைராஜ நயினாருன்னு ஒருத்தர் இருந்தாரு, அவுரு சம்சாரம் மருதேவியம்மா இருந்தா, அவங்களுக்கு ஒரே புள்ள, தரணேந்திரன், அவன் மட்டும் அங்க இல்ல.

பல்லு கட்டறதுன்னா சும்மா இல்ல. வாய்க்கு அளவெடுத்து, மெழுகுல புடிச்சு, கல்லுமாவுல வார்த்து, ரோசாக் கலர்ல ஈறு வெச்சு, ஒவ்வொரு பல்லா நட்டு, அந்த மனுசன் மொகத்துக்கு எது பொருந்துதோ அந்த மாதிரி லேசா ஒண்ணைக் கோணலா வெச்சு வுடுவாரு, ஏன்னா எல்லாப் பல்லும் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு கொழந்தை கூட சொல்லிடும். தேசூர்லேர்ந்து வந்த ஒரு அம்மா செட்டு மாட்டிக் கண்ணாடி பாத்துட்டு, "அய்யய்ய, இது என் மாமியாரு மூஞ்சி, கழட்டுங்க"ன்னு அழுதுடுச்சாம், மாமியாரு செத்து இருபது வருசம். அப்பறம் செய்யாத்து வாத்தியாரு ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்குன்னு செட்டு சொல்லிட்டு, வாங்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு, அந்தச் செட்டு பதினோரு வருசமா கண்ணாடி அலமாரியில சிரிச்சிகினே இருக்குது, மருதேவி தூசி தட்டறப்ப "இன்னா வாத்தியாரே, சௌக்கியமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தட்டுவா. சரி, வாத்தியாரு கதை கெடக்கட்டும், புள்ள கதைக்கு வரேன்.

நயினாருங்க, அதான் தமிழ்ச் சமணருங்க, அவங்க வூடுன்னா உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, தண்ணிய துணியில வடிகட்டித்தான் குடிப்பாங்க, பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்ட்டு ஏனத்தைக் கவுத்துடுவாங்க, வெளக்கு வெச்சப்பறம் சாப்ட்டா ஒரு பூச்சி பொட்டு எலையில வுழுந்து சாவும்னு, கெழங்கு தோண்டித் திங்க மாட்டாங்க, தோண்டறப்ப மண்ணுக்குள்ள இருக்கற உசுரு போயிடும்னு. அந்த மாதிரி வூட்ல பொறந்த தரணேந்திரன், டிகிரி முடிச்ச கையோட, திருவண்ணாமலையில மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு போயி, ஓடச் சொன்ன தூரத்தை எல்லாருக்கும் முன்னாடி ஓடி, நெஞ்சை அளந்துகினு, மீசையில சிரிப்போட வூட்டுக்கு வந்து நின்னான். அப்பாண்டை நயினாரு அப்ப ஒருத்தருக்குக் கடவாப்பல்லுக்கு மெழுகு சீவிகினு இருந்தாரு. தலைய நிமித்தல. "துப்பாக்கி புடிச்ச கையோட இந்த வாசப்படிய மிதிக்காத"ன்னாரு. அவ்வளோதான். ஆறு வருசம்.

ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை புள்ள போன் பண்ணுவான், அம்மாகிட்ட மட்டும். போன் மணி அடிச்சதும் அப்பங்காரரு ஏந்து பின்கட்டுக்குப் போவாரு, போற மாதிரி போயி கதவுக்குப் பின்னால நிப்பாரு, கதவுக்கு அடியில அவுரு காலு ரெண்டும் தெரியும். அதைப் பாத்துட்டு மருதேவி சத்தமாவே பேசுவா. "இன்னாடா சொன்னே, ஜுரம் வந்து போயிடுச்சா? மாத்திரை சாப்ட்டியா?"ன்னு புள்ள சொன்னதையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லுவா. போன்ல இருக்கறவன், "யம்மா, நான் சொன்னதையே ஏம்மா எனக்குச் சொல்ற"ன்னு கேப்பான். "செவுத்துக்கு காது கேக்கலடா"ன்னுவா.

தை மாசம் பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கெழமை அவன் சொன்னான்: "மாசி பன்னண்டாந்தேதி வரேம்மா. ஒரு மாசம் லீவு. அப்பா வான்னு ஒரு வார்த்தை சொன்னா வூட்டுக்கு வரேன். இல்லன்னா திண்டிவனத்துல சின்னம்மா வூட்ல ரெண்டு நாளு இருந்துட்டு உன்ன அங்க வந்து பாக்கச் சொல்லிட்டுத் திரும்பிடறேன். இதுக்கப்பறம் கேக்க மாட்டேம்மா. ஆறு வருசம் கேட்டாச்சு." மருதேவி இதைத் திருப்பிச் சொல்லல. வான்றது தமிழ்லயே ஒரே ஒரு எழுத்து, அந்த ஒரு எழுத்தை அந்த மனுசன் வாயிலேர்ந்து எடுக்கறதுக்கு அவளுக்கு முப்பது நாளு இருந்துது, எடுக்கலன்னா புள்ள போனது போனதுதான்.

அந்த மனுசனோ முன்ரூம்ல ஒரு சண்டைய கட்டிகினு இருந்தாரு.

சண்டைன்னா நம்ம ஊரு சண்டைதான். எரநூத்தி அறுவது வருசத்துக்கு மேல இருக்கும், இங்கிலீசுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் இங்க வந்து அடிச்சிகினாங்க, ரெண்டு பக்கமும் முன்னால நிக்க வெச்சது நம்மாளுங்களை, சிப்பாய்ங்கன்னு பேரு வெச்சு. புள்ள போன ரெண்டாவது வருசம், "அங்க நின்னுகினு இன்னாதான் பண்றாங்க இவங்கல்லாம்"னு ஒரு நாள் தனக்குத்தானே கேட்டுகினவரு, அப்பறம் லைப்ரரிக்குப் போனாரு, போன்ல வெள்ளக்காரன் ஒருத்தன் பொம்மை சிப்பாய்ங்களுக்குப் பெயிண்ட் அடிச்சு நிறுத்தறதை சொல்லித் தர்றதைப் பாத்தாரு, பல்லு வார்க்கற கல்லுமாவுலயே கட்டைவெரல் மொதக் கணு ஒசரத்துக்கு ஒரு ஆளை வார்த்தாரு, ரெண்டு மயிரு பிரஷ்ல இங்கிலீசு சிப்பாய்னு அவனுக்கு செவப்புச் சட்டையும் வெள்ளை வாரும் போட்டாரு, பிரெஞ்சு சிப்பாய்க்கு நீலச் சட்டை, மீசையும் வெச்சாரு. "மாசி மாசம் கோயில் மண்டபத்துல வெச்சுக் காட்டப் போறேன். சண்டைன்னா இன்னான்னு ஊரு பாக்கட்டும். பாத்தா எவனும் புள்ளைய அனுப்ப மாட்டான்"னாரு.

மேசை மேல பன்னண்டு பலகை, பலகைக்கு நாலு பேரு. நாலு பேரை வரிசையா நிக்க வெச்சா அது கடை பொம்மை. அதுல ஒருத்தனை லேசா முன்னால சாச்சு, அவன் தோளை ரெண்டாமவன் பாக்கற மாதிரி திருப்பி, மூணாமவன் துப்பாக்கியில குண்டு ரொப்பிகினே நடக்கற மாதிரி காலை அகட்டி வெச்சு, துப்பாக்கி முனையெல்லாம் ஒரே காத்து தள்ற நாத்தாட்டம் ஒரு பக்கமா சரிச்சா, அப்ப சத்தம் கேக்கும். மெய்யாலுமே கேக்கும், மருதேவி அடுப்படியிலேர்ந்து வந்து பாத்துட்டு "இன்னாங்க இது, காதை அடைக்குது"ன்னா. ஆனா ஒரு பலகையில மூணே பேரு இருந்தாங்க. நாலாமவன் நிக்கவேண்டிய எடத்துல சும்மா மண்ணு.

"ஏங்க, இங்க ஒருத்தனை விட்டுட்டீங்க."

"விடல. அவன் செத்துட்டான்."

"பொணத்தைக் காணோமே."

"என் கையால ஒரு பொணத்தை செய்வேனா? எடம் விட்டா போதும். பாக்கறவன் கண்ணு அந்த எடத்துல தானா ஒருத்தனைப் படுக்க வெச்சுக்கும்."

மருதேவி அந்த வெத்து எடத்தையே பாத்துகினு நின்னா. புள்ளையப் பத்திப் பேச வந்தவ, பேசாமலே அடுப்படிக்குத் திரும்பிட்டா.

கடைசி வேலை மண்ணு. பலகைக்கு வெள்ளைப் பசை தடவி, மண்ணு தூவி, புல்லு நட்டு, பொம்மையோட காலடி தெரியாம மூடணும், அப்பதான் அது நெலத்துல நிக்கறவன் மாதிரி இருக்கும். அதுக்கு அவுரு அந்தச் சண்டை நடந்ததா சொல்ற வயக்காட்டுலேர்ந்தே துண்டுல மண்ணு கட்டிகினு வந்தாரு. புல்லுக்கு எதுத்த தெரு ஜைத்தூன்கிட்ட பாய் நெய்ஞ்சு மிஞ்சின கோரைத் துணுக்கு. எல்லாம் ஆச்சு. போன்ல அந்த வெள்ளக்காரன் சொல்றான்: மண்ணை வாணல்ல போட்டு நல்லா வறுத்துக்கணுமாம், உள்ள இருக்கற பூச்சி, முட்டை, வெதை எல்லாம் செத்துடுமாம், இல்லன்னா பின்னால தொந்தரவாம். அப்பாண்டை நயினாரு போனை கவுத்து வெச்சாரு. உசுரோட இருக்கற மண்ணை வறுக்கறதா? நயினாரு வூட்டு அடுப்புலயா? "இவன் சொல்றது ஊர்ல மத்தவங்களுக்கு"ன்னுட்டு, வெத்தலை நுனியில எறும்பு எறும்பா எடுத்து முருங்க மரத்தடியில விட்டுட்டு, மிச்ச மண்ணை அப்பிடியே பச்சையா தூவி ஒட்டிட்டாரு.

மூணாம் நாள் காலையில மருதேவி முன்ரூமைப் பெருக்க வந்தா, மேசை மேல மழை பேஞ்சிகினு இருந்துது.

பெரிய மழை இல்ல, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மேகம், ஃபேன் றெக்கைக்கு ஒரு ஜாண் கீழ நின்னு தூத்தல் போட்டுது. அவ ஃபேன் சுவிட்சு மேல துணியக் கட்டி யாரும் போடாதபடிக்குப் பண்ணிட்டு, மேசைக்கு அடியில ஒரு தாம்பாளத்தை வெச்சா. அப்பறம்தான் பாத்தா, நாப்பத்தேழு பேரும் துப்பாக்கிய ஒரு மூலையில வெறகுக் கட்டாட்டம் சாத்திட்டு, செவப்புச் சட்டை நீலச் சட்டையெல்லாம் கோரைத் துணுக்கு மேல காயப் போட்டுட்டு, துப்பாக்கிக் கத்திய கழட்டி அதால மண்ணைக் கெளறிகினு இருந்தாங்க. நாம பாக்கறப்ப அசைய மாட்டாங்க. சோத்தை வடிச்சிட்டு வந்து பாத்தா ஒரு வரப்பு கூடியிருக்கும். அவ்ளோதான் வித்தியாசம்.

அப்பாண்டை நயினாரு குளிச்சிட்டு வந்து பாத்தாரு. மொதல்ல சொன்ன வார்த்தை இதான்: "பெயிண்டு காயறதுக்குள்ள எவன்டா சட்டைய கழட்டனது?"

நல்ல விசயம் நாலு நாளு கழிச்சு வரும், மேசை மேல மழை பேஞ்ச விசயம் அரைமணி நேரத்துல ரெண்டு தெருவுக்கும் போயிடுச்சு. மொதல்ல வந்தது ஜைத்தூன். அவ வூட்டுக்காரரு பாய் ஏத்திகினு கேரளா பக்கம் போனா மாசம் ஒருவாட்டி வர்ற ஆளு, அதனால அவளுக்கு வாயும் தறியும்தான் தொணை. குனிஞ்சு பாத்தா. "யக்கா, பாவம்க்கா, வெறுந்தரையில படுக்கறானுங்க. மழை ஈரம். நாளைக்கு ஒருத்தனுக்கு இடுப்புப் புடிச்சா யாரு பாக்கறது?" அப்பிடின்னுட்டுப் போனவ, ஒத்தைக் கோரைய நகத்தால ஏழா கிழிச்சு, மூணு நாளு உக்காந்து, ஒரு வெரல் நகம் அகலத்துக்கு நாப்பத்தேழு பாய் நெய்ஞ்சு கொண்டாந்தா, கரை வெச்சு. "நயினாரே, உங்க சண்டைக்கு நான் படுக்கை போட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க"ன்னா.

அப்பறம் ரிட்டையர்டு சர்வேயர் முனுரத்தினம் வந்தாரு, கண்ணாடியும் அடிஸ்கேலும் எடுத்துகினு. அந்தாளு வேலையில இருந்தப்ப சொந்த மச்சான் வூட்டு செவுத்தையே நாலு வெரக்கடை பொறம்போக்குல இருக்குதுன்னு எழுதி வெச்சவரு, பொண்டாட்டி ஒரு வருசம் கொழம்புல உப்பு போடல. அவுரு மேசையச் சுத்திச் சுத்தி வந்து, "கெழக்கால மூணு அங்குலம் இங்கிலீசு சிப்பாய் அனுபவத்துல இருக்குது, மேக்கால பிரெஞ்சு. ஆனா வாய்க்கா ரெண்டு பேருக்கும் பொதுவுல போவுது. இங்கதான் வெட்டு குத்து வரும், பாத்துகினே இருங்க"ன்னாரு. ஊரே பாத்துகினு இருந்துது. வெட்டு குத்து வரல. ஒரு நாள் செவப்புச் சட்டைக்காரங்க மடைய தெறந்தா, மறுநாள் நீலச் சட்டைக்காரங்க தெறந்தாங்க. முனுரத்தினத்துக்கு அதுல ரொம்ப வருத்தம்.

என்னா பயிரு வெக்கறதுன்னு ஒரு பேச்சு வந்துது. மல்லாட்ட போடலாம், வேர்க்கடலைதானேன்னா ஒருத்தி. "மல்லாட்டக் கொட்டை அவங்களுக்குப் பாறாங்கல்லுடீ, எவன் பொரட்டறது?" கடைசியில ஒரு சிட்டிகை கேவுரு, அதான் கேழ்வரகு, போட்டாங்க. அந்த மேசைக்குத் தனி பஞ்சாங்கம், நமக்கு ஒரு நாள் அதுக்கு ஒரு வாரம், பத்தாம் நாளு பயிரு அவங்க இடுப்புக்கு வந்துடுச்சு. கலியாணம் தள்ளிப் போற பொண்ணுங்க வந்து மேசை மூலையில மஞ்சத் துணுக்கு வெச்சாங்க. பல்லுக்கு அளவு குடுக்க வந்தவங்க வாயைத் தொறந்துகினே கண்ணால பயிரைப் பாத்தாங்க. கோயில்ல பூசை பண்ற உபாத்தியாயரு கூட வந்துட்டாரு. மாவுல கோழி செஞ்சு அறுத்தாலே கொன்ன பாவம்னு சொல்ற கூட்டமாச்சே, இதுக்கு இன்னா சொல்லப் போறாருன்னு எல்லாரும் வாயைப் பாத்தாங்க. அவுரு தாடைய சொறிஞ்சிகினு, "பொம்மைய கொன்னா பாவம் உண்டுன்னா, பொம்மை பொழைச்சா புண்ணியமும் உண்டுதானே"ன்னுட்டு, மருதேவி குடுத்த வெல்லத் தண்ணிய வடிகட்டிக் குடிச்சிட்டுப் போனாரு.

இதுல சந்தோசம் இல்லாத ஒரே ஆளு அப்பாண்டை நயினாருதான். அவுரு நாலு வருசமா கட்டின சண்டை போச்சு. காலையில எழுந்ததும் இடுக்கிய எடுத்துகினு, ஒவ்வொருத்தன் கையிலேர்ந்தும் மண்ணு கெளர்ற கத்திய புடுங்கி, துப்பாக்கிய சொருகி, தோளை சாச்சு, காலை அகட்டி, முனையெல்லாம் ஒரு பக்கமா சரிச்சு நிறுத்துவாரு. பத்தரைக்கு ஒரு டம்ளரு மோரு குடிச்சிட்டு வந்து பாத்தா களை எடுத்துகினு இருப்பாங்க.

"துப்பாக்கி தூக்கினவன் துப்பாக்கி தூக்கினவனாத்தான் இருக்கணும். இது இன்னா பொழப்பு?"

"யாரைச் சொல்றீங்க?"ன்னா மருதேவி.

"இவனுங்களை."

"இவனுங்களையா?"

அவுரு இடுக்கிய எடுத்துகினு அடுத்தவனை நிமித்தப் போனாரு. மாசி பொறந்துடுச்சு. அவ ஒரு கையில வெரல் விட்டு எண்ணிகினு இருந்தா.

மாசி ஏழாந்தேதி மத்தியானம், தெரு அடங்கிக் கெடந்த நேரம், மருதேவி பாத்தா, நாப்பத்தேழு பேரும் சாப்ட்டுட்டுப் படுத்திருந்தாங்க. ஜைத்தூன் நெய்ஞ்ச பாய் நாப்பத்தேழு. ஆனா ஒருத்தன் வெறும் மண்ணுல படுத்திருந்தான், கைய தலைக்கு வெச்சுகினு. அவன் பாய் எங்கன்னு பாத்தா, அந்த மூணு பேரு பலகையில, வெத்து எடத்துல விரிச்சிருந்துது. பாயோட தலைமாட்டுல ஒரு கேவுரு மணிய மூடி வெச்சிருந்தாங்க, நாம சோத்தை மூடி வெக்கற மாதிரி. மண்ணைக் கெளறினவங்க அந்த எடத்தைக் கெளறல. வெதைச்சவங்க அந்த எடத்துல வெதைக்கல. இத்தனை நாளா அவ பயிரைத்தான் பாத்திருக்கா, இதைப் பாக்கல.

அவ வூட்டுக்காரரை எழுப்பிகினு வந்தா. அவுரு பாத்தாரு. இடுக்கியால அந்தப் பாயை எடுத்து மண்ணுல படுத்திருந்தவனுக்குக் கீழ வெச்சாரு. தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தாரு. பாய் பழையபடி வெத்து எடத்துல. மண்ணுல படுத்திருந்தவன் இப்ப பாயில படுத்திருந்தான், வேற ஒருத்தன், நீலச் சட்டைக்காரன், மண்ணுல படுத்திருந்தான். முறை போட்டுகினு படுக்கறாங்க.

"காலி எடத்துக்கு எதுக்குப் பாயி?"ன்னாரு, அவளைக் கேக்கற மாதிரி இல்ல.

"வர்றவனுக்கு."

"அது செத்தவன் எடம், மருதேவி."

"செத்தவன்னு சொன்னது நீங்க. அவங்க சொல்லலியே. ஆளு இல்லன்னா செத்துட்டான்னு அர்த்தம் பண்ணிகினீங்க. அவங்க, ஆளு இல்லன்னா இன்னும் வரலன்னு அர்த்தம் பண்ணிகிட்டாங்க. ரெண்டுக்கும் எடம் ஒண்ணுதான்."

அவ அவ்ளோ நீளமாப் பேசி அந்த வூட்ல யாரும் கேட்டதில்ல. பேசிட்டு, பன்னண்டாந்தேதி, வான்ற அந்த ஒரு வார்த்தை, திண்டிவனம், எல்லாத்தையும் கொட்டிட்டா. அவுருக்கு அது புதுசு இல்ல, ஜுரத்துலேர்ந்து மாத்திரை வரைக்கும் கேட்டவரு, ஆனா இதை மட்டும் கதவுக்குப் பின்னால அவுரு கேக்கல. ஏந்து போயி, அலமாரியில இருந்த வாத்தியாரு செட்டைத் தொடச்சாரு. அதுல தொடைக்கறதுக்குத் தூசியே இல்ல. ரொம்ப நேரம் தொடச்சாரு.

மறுநாள் காலையில அவுரு அடுப்படிக்கு வந்து இரும்பு வாணலை எடுத்தாரு. "மண்ணை வறுத்துடறேன். வெள்ளக்காரன் சொன்னது சரி. பின்னால தொந்தரவுதான். வறுத்து, மொதல்லேர்ந்து ஒட்டறேன். சண்டைன்னா சண்டையா இருக்கட்டும்"னாரு. கண்ணு செவந்திருந்துது. மருதேவி நகந்துகினா. அடுப்புல வாணல் ஏறுச்சு. விசயம் எப்பிடித்தான் போச்சோ, ஜைத்தூன் சன்னல் கம்பியப் புடிச்சுகினு நின்னா, அவளுக்குப் பின்னால முனுரத்தினம், அவுருக்குப் பின்னால பாதி தெரு. அப்பாண்டை நயினாரு ஒரு பலகைய தூக்கிகினு வந்தாரு. மூணு பேரு பலகை. கேவுரு கதிரு முத்தி, அவங்க தலைக்கு மேல தொங்கிகினு இருந்துது. பலகைய வாணலுக்கு மேல சாச்சாரு. வெத்து எடத்துல விரிச்சிருந்த பாயி கொஞ்சம் சறுக்குச்சு. அந்த மூணு பேரும், எல்லாரும் பாத்துகினு இருக்கறப்பவே, நாம பாக்கறப்ப அசையாதவங்க, அன்னிக்கு அசைஞ்சாங்க. ஓடல, குதிக்கல. ஆளுக்கு ஒரு மூலையா அந்தப் பாயைப் புடிச்சுகினாங்க.

வாணல் காஞ்சு பொகைய ஆரமிச்சுது. அவுரு பலகைய நிமித்தினாரு. நெஞ்சோட வெச்சுகினு, முன்ரூமுக்குப் போனாரு.

"காஞ்ச வாணலை வீணாக்கக்கூடாது"ன்னுட்டு மருதேவி எண்ணெய் ஊத்தி அதுல கடுகைப் போட்டா. சன்னல்ல நின்ன ஜைத்தூன் மூக்கைத் தொடச்சுகினு, "இன்னாக்கா தாளிக்கற?"ன்னா. "யாருக்குடீ தெரியும்"னா மருதேவி.

ஆனா வான்னு அவுரு சொல்லல. ஞாயித்துக்கெழமை போன் வந்துது. "அப்பா இன்னா சொன்னாரு?"ன்னு கேட்டான் தரணேந்திரன். பொய் பேசறதில்லன்ற விரதம் எடுத்தவ மருதேவி, புள்ளைக்காகக் கூட அதை ஒடைக்க மாட்டா. கதவுக்கு அடியில அந்த ரெண்டு காலும் தெரிஞ்சுது. "வராதன்னு சொல்லலடா"ன்னா. "சரிம்மா"ன்னான்.

பன்னண்டாந்தேதி பதினோரு மணி வாக்குல, மேசை மேல அறுப்பு நடந்துகினு இருந்துது, அவன் வந்தான். பச்சைப் பொட்டி ஒண்ணு, தோள்ல ஒரு மூட்டை. தெருமுக்குல பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வந்தவன், வாசப்படிக்கு ரெண்டு அடி முன்னால நின்னுட்டான். பொட்டிய கீழ வெக்கல. வெச்சா வந்துட்ட மாதிரி ஆயிடும், வெக்கலன்னா போவப் போற மாதிரி இருக்கும், அதனால ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்திகினே நின்னான். கறுத்து, எளைச்சு, கன்னத்துல பனி வெடிப்பு. மருதேவி நெலைப்படிக்கு உள்ள நின்னா, ஓடிப் போயி கட்டிக்க காலு துடிக்குது, ஆனா அவ போயி இட்டாந்தா அது அவ கூப்ட்டது, அவுரு கூப்ட்டது இல்ல, அதனால நெலையப் புடிச்சுகினு நின்னா. உள்ள அப்பாண்டை நயினாரு பட்டறையில குனிஞ்சு எதையோ சீவிகினு இருந்தாரு. கையில மெழுகு இல்ல. வெறும் கத்தி.

ரெண்டு தெருவும் வாசலுக்கு வந்து நின்னுது. ஜைத்தூனுக்கு எதுவும் பொறுக்காது. "இன்னாடா மிலிட்டரி, அம்மாம் பெரிய நாட்டுக்குக் காவல் இருந்தவன், சொந்த வூட்டுப் படிய தாண்டத் தெரியலியா? அங்கல்லாம் படியே இல்லியா, வெறும் மலைதானா?"ன்னு எதுத்த வாசல்லேர்ந்து கத்தினா. தரணேந்திரன் திரும்பி அவளைப் பாத்து, சின்ன வயசுல சிரிக்கற மாதிரியே, வாயெல்லாம் தொறந்து சிரிச்சுட்டான்.

உள்ள கத்தி நின்னுது.

அப்பாண்டை நயினாரு எழுந்து வந்தாரு. மருதேவிய ஒதுக்கிட்டு, படியெறங்கி, செருப்புகூட போடாம தெருவுல நின்னாரு. ஆறு வருசத்துக்கப்பறம் புள்ளை மொகத்தை ஒரு முழம் தூரத்துல பாத்தாரு.

"வாயைத் தெற"ன்னாரு.

"அப்பா..."

"வாயைத் தெறடா."

தெறந்தான். அவுரு அவன் தாடைய ஒரு கையால புடிச்சு, வெயிலுக்கு நேரா திருப்பி, கட்டைவெரலால மேல் ஒதட்டைத் தூக்கிப் பாத்தாரு. மேல் வரிசையில முன்பல்லுக்கு பக்கத்துப் பல்லு பாதி ஒடஞ்சிருந்துது, அதுக்கு அடுத்தது வேரோட காணோம்.

"எங்க விட்ட?"

"பனியில ரொட்டி கல்லாட்டம் ஆயிடும்ப்பா. கடிச்சேன்."

"எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா இதோட திங்கற, ஒரு வார்த்தை சொல்லல."

"யாருகிட்டப்பா சொல்றது?"

அவுரு ஒதட்டை விடல. "பக்கத்துப் பல்லு சாயறதுக்குள்ள கட்டணும். அளவெடுக்கணும்"னாரு. அப்பறம் தாடையிலேர்ந்து கைய எடுத்து, அவன் கையில இருந்த பொட்டிய வாங்கிகினு, முன்னால திரும்பி நடந்துகினே, பின்னால பாக்காம, "உள்ள வா"ன்னாரு.

அவன் வந்தான். பல்லு கட்டற நாற்காலியில உக்காந்தான், சின்னப் புள்ளையில காலு தரைக்கு எட்டாம உக்காந்த நாற்காலி. மருதேவி ஒரு சொம்பு தண்ணியோட வந்து நின்னா. அப்பாண்டை நயினாரு ரப்பர் கிண்ணத்துல அளவு மாவைக் கொட்டி, தண்ணி ஊத்தி, கொழகொழன்னு கரைச்சு, இரும்புத் தட்டுல ரொப்பி, "ஆ காட்டு"ன்னு சொல்லி அவன் மேல்தாடையில வெச்சு, ரெண்டு வெரலால அழுத்திப் புடிச்சுகினாரு. வாயி நெறைய மாவு. இனி அவனால ஒரு எழுத்து பேச முடியாது. அப்பறம் அவுரு பேசினாரு.

"நீ யாரையாவது சுட்டியான்னு ஆறு வருசமா கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேக்கறேன். இப்பதான்டா என்னால கேக்க முடியும், உன்னால பதில் சொல்ல முடியாது பாரு."

தரணேந்திரன் கண்ணு மட்டும் மேல பாத்துது. ஓரத்துலேர்ந்து தண்ணி எறங்கிக் காது வரைக்கும் போச்சு. அவுரு தோள்ல இருந்த துண்டால அதைத் தொடச்சாரு, அதே துண்டால தன் மொகத்தையும் தொடச்சுகினாரு.

"சொல்லாத. அப்பறமும் சொல்லாத. நீயா சொன்னா கேட்டுக்கறேன். நான் மொதல்ல கேக்கவேண்டியது அது இல்ல. அந்தக் குளிர்ல காலுக்கு இன்னா போட்டுகின? ஜுரம் வந்தப்ப பக்கத்துல யாரு இருந்தா? உங்கம்மா சத்தமாத்தான் பேசினா, ஆனா நீ பேசினது எனக்குக் கேக்கல, உன் கொரலு கேக்கல எனக்கு, ஆறு வருசமா உங்கம்மா கொரலுலதான் உன்னைக் கேட்டேன்..."

அந்த மாவு மூணு நிமிசத்துல எறுகிடும். நாப்பது வருசமா பாத்தவ மருதேவி, அவளுக்கு மணி பாக்கக்கூட வேணாம். "ஏங்க, ஆச்சுங்க, எடுங்க. புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது"ன்னா.

"இரு. இன்னும் எறுகல"ன்னாரு.

அவ அடுப்படிக்குப் போயி, ஒலையில இன்னும் அரைப்படி அரிசி போட்டு, வெறகைத் தள்ளி விட்டுட்டுத் திரும்பி வந்தா. அப்பவும் எறுகல.